சாம்பல் நோய்: சொல் விளக்கம்

பூசணி இலையில் வெள்ளை மாவு தூவியதுபோல் சிறு வட்டங்களாகத் தோன்றி, பிறகு ஒன்றாகக் கலந்து இலை முழுவதையும் மூடிவிடும் பூஞ்சை நோய்க்குத் தமிழில் சாம்பல் நோய் என்று பெயர். தோட்டக் குறிப்பு எழுதுகிறவர்கள் பலர் ‘பவுடரி மில்டியூ’ என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். வேளாண் நூல்களில் நிலைத்துவிட்ட நல்ல சொல் கையில் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

ஆங்கிலப் பெயரில் ‘பவுடர்’ என்பது தூசியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘மில்டியூ’வுக்குப் பழைய ஆங்கிலத்தில் தேன்பனி என்று பொருள். அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி கழிக்கும் இனிப்புப் பிசின் இலையில் மின்னுவதைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். பூசணத்தைக் குறிக்கத் தொடங்கியது பின்னால்தான். பெயருக்குள் பனி இருந்தாலும் இந்த நோய்க்குப் பனித்துளி வேண்டாம். இதன் வித்துகள், அதாவது பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்கள், இலையில் ஈரம் நிற்காமலேயே முளைக்கும். நீரில் நனைந்தால் பல வித்துகள் கெட்டும் போகும். காற்றில் ஈரப்பதம், நெருக்கமான இலைகளின் நிழல், 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் போதும். மழையில்லாத நாட்களிலும் இது செழிப்பது அதனால்தான்.

இனி நம் சொல். சாம்பல், நீறு இரண்டும் தமிழில் மேலே படிந்திருப்பதைச் சொல்லப் பழகிய சொற்கள். ‘நீறு பூத்த நெருப்பு’ என்கிறோமே, அந்தப் ‘பூத்தல்’ இங்கே அப்படியே பொருந்தும். பூசணியைப் பெரும்பாலும் தாக்கும் போடோஸ்ஃபேரா சாந்தியை என்ற பூஞ்சையின் உடல் இலையின் மேற்பரப்பில்தான் படர்கிறது. உறிஞ்சு உறுப்புகள் மட்டும் மேல்தோல் செல்லுக்குள் இறங்கிச் சத்தை இழுக்கின்றன. எனவே இலைமேல் படும் மருந்துக்கே இது ஓரளவு கட்டுப்படும்.

இரண்டு இடங்களில் இந்தச் சொல் குழப்பும். அடிச்சாம்பல் நோய் என்பது வேறு. அதில் இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே கோணலான மஞ்சள் புள்ளிகளும், அடிப்புறம் சாம்பல் நிற வளர்ச்சியும் தெரியும். அதை உண்டாக்குவது உண்மையான பூஞ்சைகூட அல்ல. இலை நனைந்திருந்தால்தான் அது பரவும். ஒன்றின் மருந்தை மற்றதற்கு அடித்தால் வீண். அடுத்தது நீற்றுப்பூசணி எனப்படும் சாம்பல் பூசணி: காயின் மேல் படியும் வெள்ளைப் பூச்சு இயற்கையான மெழுகு, நோயல்ல. சில பூசணி வகைகளின் இலை நரம்போரம் பிறவியிலேயே வெள்ளித் திட்டுகள் இருப்பதும் உண்டு. ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நோய் மாவாக விரலில் ஒட்டும், திட்டு அசையாது.

தடுப்பதில் முதல் வேலை இடைவெளி. கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வெயிலும் காற்றும் புக வேண்டும். தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அள்ளிக் கொட்டினால் மென்மையான இலைகள் அடர்ந்து பூஞ்சைக்கு விருந்தாகும். எதிர்ப்புத்திறன் கொண்ட ரகம் கிடைத்தால் அதையே விதைப்பது நல்லது. நோய் பெரும்பாலும் முதிர்ந்த, நிழலில் கிடக்கும் கீழ் இலைகளில்தான் தொடங்கும். பார்வையை அங்கே வையுங்கள், அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ஓரிரு இலைகளில் கண்டதும் கிள்ளி அப்புறப்படுத்தலாம். பாதிக்கொடியை மொட்டையடித்துவிடக் கூடாது. இலை போனால் காயை வெயில் சுடும், இனிப்பும் குறையும்.

மருந்தில் மிகப் பழையது கந்தகம். நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூளை நோய் வரும் முன்போ வந்த உடனோ தெளித்தால்தான் பலன். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அது இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய்க் கரைசலுக்கும் கந்தகத்துக்கும் நடுவே இரண்டு வார இடைவெளி விடுங்கள். பொட்டாசியம் பைகார்பனேட்டும் உதவும். பாலைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 1999இல் பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் பசுமைக்குடிலில் வளர்த்த சுக்கினி என்ற பூசணி வகையில், நீர் கலந்த பசும்பால் இதே நோயை நன்றாகக் கட்டுப்படுத்தியதாக வெளியிட்டார். தோட்டத்தில் 1 பங்கு பாலுக்கு 9 பங்கு நீர் என்று கலந்து, காலையில் இலையின் இருபுறமும் நனையும்படி வாரம் ஒருமுறை தெளிக்கலாம். எதுவானாலும் ஒரே வகைப் பூஞ்சைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பூஞ்சை அதற்குப் பழகிவிடும்.

காய்கள் முற்றித் தோல் நகம் இறங்காத அளவு கெட்டிப்பட்ட பிறகு இலை வெளுத்தால் மருந்தே வேண்டாம். காயைக் காம்போடு அறுத்துவிட்டு, கொடியைத் தோட்டத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வளரும் என்றாலும், பக்கத்தில் இளம் வெள்ளரியோ சுரையோ இருந்தால் அவற்றுக்கு வித்துகள் காற்றில் போய்ச் சேர்ந்துவிடும்.