பெட்ரோல் விழுங்கியவருக்கு உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள்

இந்தக் குளிர்காலத்தில் பெட்ரோல் விழுங்கி எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களில் இது மூன்றாவது ஆள். முதல் இரண்டு முறையும் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். இப்போது பொறுமை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயி. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய அப்பா பசுந்தேயிலை ஏற்றிய ஜீப் பிக்கப் பல வருடங்களாகக் கொட்டகையில் கிடந்தது. பிளஸ் ஒன் படிக்கும் மகளும் அவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் பிரித்துத் துரு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேக் டிரம்மைத் தனியாகக் கழற்றத் தெரிந்த பெண். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது, அதனால்தான் கோபமும் அதிகம்.

டேங்கில் வார்னிஷ் வாடை அடிக்கும் பழைய பெட்ரோல் இருந்தது. அதை வெளியேற்ற ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சியவள் அவள்தான். ஏன் என்று கேட்டேன். “அப்பாவுக்கு இளைப்பு இருக்கிறது, டாக்டர்” என்றாள்.

ஒரு மடக்கு உள்ளே போனது. புரையேறி இருமினாள். வீட்டில் பாட்டி உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து இரண்டு முறை வாந்தி எடுக்க வைத்தார். பிறகு பால். அதன் பிறகு தேங்காய் எண்ணெய். மூன்று மணி நேரம் கழித்து எங்களிடம் வந்தபோது நிமிடத்துக்கு 36 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86 சதவீதம்தான். “சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை” என்றார் அப்பா. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். வாடையை வைத்துக் கண்டுபிடித்தது எங்கள் செவிலியர்.

இப்போது அந்த உப்புத் தண்ணீருக்கு வருகிறேன். விஷம் வயிற்றில் இருக்கிறது, வெளியே எடுத்துவிட்டால் பிழைத்தோம் என்பதுதான் எல்லோருடைய கணக்கு. பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒரு மடக்கு பெட்ரோல் வயிற்றில் கிடந்தால் பெரும்பாலும் எரிச்சலோடும் நாற்றமடிக்கும் ஏப்பத்தோடும் போய்விடும். அதே பெட்ரோல் ஒரு மில்லி அளவு நுரையீரலுக்குள் போனால் போதும், தண்ணீரைவிட வேகமாகப் பரவி உள்ளே வெந்த புண் போல ஆக்கிவிடும். தொண்டையைத் தாண்டி ஒருமுறை இறங்கியதை வாந்தியாக மறுபடி தொண்டைக்கே கொண்டுவருகிறீர்கள். மூச்சுக்குழாய்க்குள் நுழைய அதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறீர்கள். இவளுக்கு இரண்டு வாய்ப்புகள். பால் வயிற்றை நிரப்பி மேலும் குமட்டும். தேங்காய் எண்ணெய் புரையேறினால் அதுவே நுரையீரலைக் கெடுக்கும். உப்பு அளவு மீறினால் அதுவும் ஆபத்து. பாட்டியைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“வயிற்றைக் கழுவ மாட்டீர்களா?” என்று எங்களிடமும் சண்டைக்கு வருகிறார்கள். மாட்டோம், அதே காரணத்துக்காக. முதல் நாளே ஆன்டிபயாடிக் போடவில்லை என்றும் புகார். கிருமி இல்லாமலே இதில் காய்ச்சல் வரும் என்பதை ஒவ்வொரு உறவினருக்கும் தனித்தனியாக விளக்குவதற்குள் எனக்கே காய்ச்சல் வருகிறது.

யாராவது விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். பெட்ரோல் பட்ட உடையைக் கழற்றுங்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். வாய்வழி எதுவும் வேண்டாம். நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். இருமல் நின்று நன்றாகத் தெரிந்தாலும் குறைந்தது 6 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: “ராத்திரி பார்த்துக்கொண்டு காலையில் மேட்டுப்பாளையம் இறங்கலாம்” என்று காத்திருந்து, நடுவழியில் கொண்டை ஊசி வளைவில் மூச்சுத் திணறினால் உங்கள் காரில் ஆக்சிஜன் கிடையாது. மூச்சு வாங்கத் தொடங்கியவரை 108-இல் ஏற்றுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் போவது எங்கள் நடைமுறை, உங்கள் மீது சந்தேகம் அல்ல.

வாயால் உறிஞ்சுவதே எதற்கு? டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்கும் கைப்பம்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பல பழைய டேங்குகளுக்கு அடியில் வடிகால் திருகு இருக்கும், வண்டியைப் பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு அது தெரியாதா? குளிருக்காகக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூலையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு பெட்ரோல் வடிக்காதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும். வடித்ததைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், தயவுசெய்து. அதைக் குடித்துவிட்டு வரும் மூன்று வயதுக் குழந்தைகளைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆறாம் நாள் அவள் வீட்டுக்குப் போனாள். மறுபரிசோதனைக்கு வந்தபோது ஒரே கேள்விதான் கேட்டாள்: மறுபடி எப்போது வண்டியில் கை வைக்கலாம்? இரண்டு வாரம் போகட்டும் என்றேன். கைப்பம்பு வாங்கியாயிற்றா என்று அப்பாவிடம் கேட்டேன். கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறாராம். அது வந்து சேரும்வரை கொட்டகைச் சாவி பாட்டியிடம் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.