எழுத்தின் அளவை எத்தனை முறை கூட்டினீர்கள்?

தலைவலி என்று வந்திருந்தார் அந்த அம்மா. வயது 46. பள்ளி ஒன்றில் அலுவலகப் பணி. பேச்சுவாக்கில், "வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "முன்பெல்லாம் புத்தகம் படிப்பேன் டாக்டர். சாப்பிடும்போதுகூடத் தட்டுக்குப் பக்கத்தில் கதைப்புத்தகம் இருக்கும். அதற்காகவே அம்மாவிடம் திட்டு வாங்குவேன். இப்போது பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. செல்போன் வந்து மனத்தைக் கெடுத்துவிட்டது. படிக்கும் ஆசையே விட்டுப்போயிற்று" என்றார்.

படிக்கும் அட்டையை அவர் கையில் கொடுத்தேன். மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சிறிய எழுத்தாகத் தமிழ்ப் பத்திகள் அச்சிட்ட அட்டை. செய்தித்தாள் எழுத்து அளவுக்கு வந்ததும் அட்டை அவரை அறியாமலே முகத்தை விட்டு விலகியது. கை நீண்டது, கழுத்து பின்னால் போயிற்று. சோதனைச் சட்டத்தில் பிளஸ் 1.50 வில்லையைப் போட்டேன். நீண்ட கை மடங்கி அட்டை பழைய இடத்துக்கு வந்தது. கடைசிப் பத்தி வரை படித்தவர், நான் சொல்லாமலே மேலே போய் முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். ஆசை அப்படியேதான் இருந்தது.

கண் மருத்துவராக இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்கள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, தங்கள் மனத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். சோம்பல், பொறுமையின்மை, செல்போன், வயது என்று காரணங்களை அடுக்குகிறார்கள். கண்ணைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. தூரத்துப் பஸ்ஸின் பெயர்ப்பலகை நன்றாகத் தெரிகிறதே, பிறகு கண்ணுக்கு என்ன கேடு என்று நினைக்கிறார்கள்.

நம் பெரியவர்கள் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். சாளேஸ்வரம் என்றும் சொல்வார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய எழுத்து வெளிறிப்போவதை அப்படியே பெயராக்கியிருக்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை, அருகில் உள்ளதைப் பார்க்கும்போது தடித்துக்கொடுக்க வேண்டும். வயது ஏற ஏற அது இறுகிவிடுவதால் தடிப்பதில்லை. நாற்பதை ஒட்டித் தொல்லை தெரியத் தொடங்கி, அறுபது வாக்கில் படிக்கும் கண்ணாடியின் அளவு பிளஸ் 2.50 வரை போய் அநேகமாக நின்றுவிடும். இது எல்லோருக்கும் வருவது.

தமிழ் எழுத்துக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. கால் போட்ட எழுத்தையும் ரகரத்தையும் பாருங்கள். கீழே ஒரு சின்ன வால்தான் வேறுபாடு. அது மங்கினால் 'மரம்' என்பது 'மாம்' என்று தெரியும். மூளை உடனே திருத்திக்கொள்ளும். ஆனால் வரிக்கு நான்கு முறை திருத்த வேண்டியிருந்தால் களைத்துப்போகும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். ஒற்றைக்கொம்பின் சுழியும் இரட்டைக்கொம்பின் சுழியும் குழம்பி 'கெடு' 'கேடு' ஆகும். படித்த வரியையே மறுபடி படிக்கிறீர்கள், அடுத்த வரிக்குப் போனதும் முந்தைய வரி நினைவில் இல்லை. அதைத்தான் 'மனம் ஒன்றவில்லை' என்கிறீர்கள்.

மின்நூல் பற்றிப் பேச நினைத்து இவ்வளவும் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் காகிதப் புத்தகத்தில் வளர்ந்தவள். வீட்டில் இரண்டு சுவர்கள் புத்தகமாகவே இருக்கின்றன, ஒவ்வோர் ஆண்டும் புத்தகக் காட்சியிலிருந்து பை கிழியச் சுமந்து வருகிறேன். மின்நூல் வந்தபோது அச்சுப் புத்தகத்துக்கு முடிவு வந்துவிடுமோ என்று நண்பர்கள் கவலைப்பட்டார்கள், நானும் சேர்ந்து கவலைப்பட்டேன். இன்று என் கவலை அதுவன்று. என் அம்மாவுக்கு 74 வயது. அவர் விரும்பிப் படித்த பழைய தொடர்கதைத் தொகுப்புகள் பழுப்பேறிய தாளில், பொடி எழுத்தில் இருக்கின்றன. நல்ல கண்ணாடி போட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. அவற்றில் நாட்டுடைமையானவற்றை மின்நூலாக ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியவர் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தார். அன்றிலிருந்து மின்நூலைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, வில்லை மஞ்சளாகிவிடுகிறது. பழுப்புத் தாளில் சாம்பல் நிற எழுத்தை அந்தக் கண் எப்படிப் படிக்கும்? எழுத்தைப் பெரிதாக்குவது, தடிப்பாக்குவது, வரிகளுக்கு இடைவெளி கூட்டுவது, பின்புலத்தை வெளுப்பாக்குவது எல்லாம் படிப்பவர் விருப்பத்துக்கு விடப்படுவது அச்சு வரலாற்றிலேயே புதிது. இதுவரை அச்சகம் முடிவுசெய்த அளவுக்கு நம் கண்ணை வளைத்துக்கொண்டோம்.

ஆனால் மின்நூல் என்றவுடன் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். அதைத் திறந்து பார்த்து, கண் வலித்து, 'மின்நூல் நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பி.டி.எஃப். பக்கத்தின் படம் போன்றது. சாதாரண நாவல் ஒன்றின் பக்கம் 14 செ.மீ. அகலம், செல்போன் திரை 7 செ.மீ. பக்கம் முழுவதும் திரைக்குள் அடங்கினால் எழுத்து பாதியாகிவிடும். விரலால் விரித்தால் வரி திரையை விட்டு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடதும் வலதுமாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் கண் அதைத் தாங்கும்? இ-பப் போன்ற வடிவங்களில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து அடுத்த வரிக்கு வரும். மின்நூலைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அந்த வடிவில் சோதியுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப்.களில் பெரும்பகுதி எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் ஒரு காசும் போகாத திருட்டு நகல்கள். புத்தகத்தை நேசிப்பவர்கள் அதைப் பரப்பலாகாது.

நேர்வழியில் தமிழில் எவ்வளவோ கிடைக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து தட்டச்சு செய்து ஏற்றிய இலக்கியங்கள் இலவசம். 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் தளத்தில் எழுத்தாளர்கள் தாமே மனமுவந்து கொடுத்த நூல்கள் இ-பப்பாகவே கிடைக்கின்றன. அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்களை வாங்கலாம்.

எந்தக் கருவியில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் படிப்பவரானால் மின்மைத் திரை (இ-இங்க்) உள்ள படிப்பான், அதாவது மின்நூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி, வாங்குங்கள். அந்தத் திரையில் நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெளுப்புமான துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. காகிதம் போல வெளிவெளிச்சத்தில் தெரியும், வெயிலிலும் மங்காது. வாங்க வசதியில்லை என்றால் செல்போனிலேயே படியுங்கள். படிக்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். செல்போனில் கண் எரிவதற்கு முக்கியக் காரணம் இமைக்க மறப்பதுதான். இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கும் கண், திரையில் ஊன்றியதும் ஐந்து, ஏழு என்று குறைகிறது. தலைக்கு நேர்மேலே மின்விசிறி சுழல, இருட்டறையில், ஒருக்களித்துப் படுத்து ஒரு கண்ணைத் தலையணையில் அழுத்தியபடி படிப்பவர்களின் கண் வறண்டுபோகாமல் என்ன செய்யும்? எழுந்து உட்காருங்கள், அறை விளக்கைப் போடுங்கள், காற்று முகத்தில் அடிக்காதபடி நகருங்கள், முழங்கைக்கு எட்டும் தூரத்தில் பிடியுங்கள். அத்தியாயம் முடிந்ததும் சன்னலுக்கு வெளியே மரம் எதையாவது சற்று நேரம் பாருங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்காத நாள் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அதனால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல மேசைவிளக்கு வாங்குங்கள்.

இதுவரை மின்நூலுக்காக வாதாடினேன். இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர், 63 வயது. அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாமல் எழுதுகிறேன். கண்ணாடியின் கைப்பிடி உடைந்ததால் புதியது வேண்டும் என்று வந்தார். பார்வையில் குறை எதுவும் சொல்லவில்லை. கையில் படிப்பான் இருந்தது. நானும் அப்படிப்பட்ட ஆள் என்பதால் என்ன படிக்கிறீர்கள் என்று ஆவலோடு வாங்கிப் பார்த்தேன். ஒரு திரைக்கு ஒன்பதே வரிகள்தான் இருந்தன. எழுத்தின் அளவு ஒன்பது.

"எப்போதும் இவ்வளவு பெரிதாகத்தான் வைப்பீர்களா ஐயா?"

"வாங்கியபோது நாலில் வைத்திருந்தேன். தீபாவளிக்கு ஆறு ஆக்கினேன். பிறகு அப்படியே... அதுதானே அம்மா இதில் வசதி?"

எட்டு மாதத்தில் நாலிலிருந்து ஒன்பது. வெள்ளெழுத்து அந்த வேகத்தில் ஏறாது. அதுவும் அறுபதைத் தாண்டிய பிறகு அதற்கு ஏறவே இடமில்லை. சர்க்கரை நோய் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறது, விழித்திரையை இதுவரை ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை. சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தேன். வலது கண்ணில் விழித்திரையின் நடுப்புள்ளியில் நீர் கோத்து வீங்கியிருந்தது. இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. கண்ணை ஒவ்வொன்றாக மூடிப் படிக்கச் சொன்னபோது, வலது கண்ணால் மட்டும் பார்த்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "நடு எழுத்தைக் காணோமே" என்றார். குரல் இறங்கிவிட்டது.

காகிதப் புத்தகம் படிப்பவராக இருந்திருந்தால் சில மாதங்களுக்கு முன்பே 'எழுத்து தெரியவில்லை' என்று வந்திருப்பார். அச்செழுத்து வளைந்துகொடுக்காது, அதனால் நோய் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். மின்நூல் வளைந்துகொடுத்துக்கொண்டே போகும். கண் ஒரு படி இறங்கினால் எழுத்தை ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம், படிப்பு தடைபடாது, வலியும் இருக்காது. நான் இவ்வளவு கொண்டாடும் அந்த வசதியே அவருடைய நோயை மறைத்து வைத்திருந்தது. அதன் பிறகு, படிப்பான் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் எழுத்தின் அளவைக் கேட்கிறேன்.

நீங்களும் இன்று உங்கள் கருவியில் இருக்கும் அளவை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். கண்ணாடி மாற்றாமலே ஓராண்டுக்குள் இரண்டு மூன்று படி ஏறியிருந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒரு பக்கம் படியுங்கள், பிறகு மறு கண்ணால் அதே பக்கத்தைப் படியுங்கள். ஒரு கண் கெட்டாலும் மற்றது ஈடுகட்டிவிடுவதால் இரண்டையும் திறந்துவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நேர்வரி நெளிந்து தெரிந்தாலும், சொல்லின் நடுவில் ஓட்டை விழுந்தாலும் அந்த வாரமே வந்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் எழுத்து பளிச்சென்று தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். கடையில் வாங்கிய கண்ணாடியோடு நின்றுவிடாதீர்கள். அது எழுத்தைத்தான் காட்டும், கண்ணின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது.

சிகிச்சைக்குப் பின்னும் பார்வை முழுவதும் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 'இனி படிக்க வேண்டாம்' என்று சொல்லிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. இ-பப் நூலைச் செல்போன் தமிழில் வாசித்துக் காட்டும். படமாக எடுத்த பி.டி.எஃப்.பில் பெரும்பாலும் அது முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நூல்களை எளிதாக்கும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அப்படிப்பட்டவர்களுக்கென்றே சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் இருக்கிறது. கண்ணால் படித்த ஒருவர் காதால் படிக்கத் தொடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். அந்தச் சில வாரங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அந்த வங்கிக்காரருக்கு வலது கண்ணில் மாதம் ஒன்றாக மூன்று ஊசிகள், இடது கண்ணில் ஒன்று. சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார். போன வாரம் வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே படிப்பானைத் திறந்து மேசையில் வைத்தார். திரையில் பதினைந்து வரிகள் இருந்தன. அவருடைய கோப்பில் இரண்டு கண்களின் பார்வை அளவையும் குறித்துவிட்டு, அதற்குக் கீழே 'எழுத்து: 6' என்று எழுதிக்கொண்டேன்.