கிரெய்கிவார் சுவர்கள் உலரும் விதம்

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் வணிகர் வில்லியம் ஃபோர்ப்ஸ் 1626-இல் கட்டி முடித்த கோபுர வீடு கிரெய்கிவார். 1963 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அதன் இளஞ்சிவப்புச் சுவர்களுக்குக் காவல், 'ஹார்லிங்' என்னும் வெளிப்பூச்சு.

இத்தகைய சுவரில் இருபுறமும் ஒழுங்கற்ற கற்கள், நடுவே உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும் இருக்கும். மழைநீர் எப்படியும் கொஞ்சம் உள்ளே இறங்கும். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சி, காற்றடிக்கையில் ஆவியாக வெளியேற்றிவிடும்.

20ஆம் நூற்றாண்டில் பல கோபுர வீடுகளுக்கு, கிரெய்கிவார் உட்பட, சிமென்ட் கலந்த பூச்சு போடப்பட்டது. நல்லெண்ணத்தில் செய்த பெருந்தவறு அது. சிமென்ட் வளைந்துகொடுக்காது. சுவர் சற்றே அசைந்தாலும் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே உறிஞ்சப்படும் நீருக்கு வெளியேற வழியில்லை. உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் விரிவதால் பூச்சு உப்பிக் கழன்றுவிடும். உள்ளே மர உத்தரங்களின் முனைகள் உளுத்துப்போகும். கிரெய்கிவாரில் பின்னர் சிமென்ட்டை அகற்றிச் சுண்ணாம்பே பூசினார்கள்.

கல்முகம் உடையாமல் பழைய பூச்சைக் கையுளியால் மெல்லப் பெயர்க்க வேண்டும். அகன்ற இணைப்புகளில் காரை மட்டும் திணித்தால் சுருங்கி வெடிக்கும். சிறு கற்களையும் சேர்த்துச் செருகுவார்கள். பிறகு சுவரை நனைக்க வேண்டும். உலர்ந்த கல் பூச்சின் நீரை இழுத்துக்கொண்டால் சுண்ணாம்பு இறுகாது.

கலவைக்கு ஒரு பங்கு சுட்ட சுண்ணாம்புக்குச் சுமார் மூன்று பங்கு பருமணலும் பொடிச்சல்லியும். நீர் பட்டதும் கொதிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டே போகக் கூடாது. கரண்டியால் இதைத் தேய்க்காமல் வீசி எறிவார்கள். வேகத்தில் கலவை கல்லோடு ஒட்டும். சொரசொரப்பான பரப்பு, ஈரம் ஆவியாக அதிக இடம் தரும்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாகத்தான் கல்லாகும்; அதற்கும் ஈரம் தேவை. எனவே ஈரச் சாக்கு தொங்கவிடுவார்கள். வேகமாகக் காய்ந்தால் பொடியாக உதிரும், இறுகுமுன் உறைபனி தாக்கினால் செதில் செதிலாகப் பெயரும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலையே கூடாது. இறுதியில் நிறமி கலந்த சுண்ணாம்புநீரைப் பால்போல நீர்க்கக் கரைத்துப் பல முறை அடிப்பார்கள்.

மழையில் தேயும் இந்த மேலடுக்கை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கூரைக் கால்வாய்களையும் ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். அடைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நீர் வழிந்தால் எந்தப் பூச்சும் தாங்காது.