தாத்தாவின் பதக்கங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன்

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களிலிருந்து, பழம்பொருள் பாதுகாப்புப் பணியில் இருக்கும் என்னிடம் பதக்கங்களைக் கொண்டுவருபவர்கள், பெரும்பாலும் அவற்றை நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே கொண்டுவருகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தார் கொண்டுவந்த முதல் உலகப் போர்க்கால வெள்ளிப் பதக்கம் அப்படிப்பட்டதுதான். வீட்டுக் குத்துவிளக்கோடு சேர்த்து ஆண்டுதோறும் புளியும் விபூதியும் போட்டுத் துலக்கியதில், அதன் விளிம்பில் பொறித்திருந்த எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கில், எண்ணின் இரண்டு இலக்கங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. அது இன்னாருடைய பதக்கம் என்பதற்கு அந்த விளிம்பைத் தவிர வேறு சான்று அந்த வீட்டில் இல்லை. புளியின் அமிலமும் கடைகளில் விற்கும் பாலிஷ்களில் உள்ள துகளும் ஒவ்வொரு முறையும் உலோகத்தில் ஒரு மெல்லிய படலத்தை எடுத்துவிடும் என்பதால், கறுத்த பதக்கத்தை உலர்ந்த பருத்தித் துணியால் தூசி துடைப்பதோடு விட்டுவிடுவதே நல்லது.

அடுத்த கேடு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சில வெல்வெட் துணிகளும் ரப்பர் பசையும் வெளிவிடும் கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கவைக்கும். பிளைவுட்டிலிருந்து கசியும் அமில ஆவி செம்புக் கலவைப் பதக்கங்களில் களிம்பேற்றக்கூடும். ஆகவே, அமிலமற்ற அட்டையின்மேல் கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைப் போர்த்தி, பதக்கத்தின் மேற்கம்பியைப் பருத்தி நூலால் கட்டித் தொங்கவிடச் சொல்கிறேன். பசை எதுவும் வேண்டாம். நாளை பேரப்பிள்ளை கழற்றிப் பார்க்க விரும்பினால் நூலை அறுத்தால் போதும். பெட்டி ஓர் அங்குல ஆழமாவது இருந்தால்தான் கண்ணாடி பதக்கத்தில் உரசாது.

பதக்கங்களின் வரிசை தெரியாதவர்கள், சீருடையில் தாத்தா எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்து அடுக்கலாம். பார்ப்பவரின் இடப்பக்கம் இருப்பதே முன்னுரிமையில் உயர்ந்தது. 1971 போருக்கான பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல் போன்றவற்றின் ரிப்பன் நிறங்கள் வெயிலில் வெளுத்துவிட்டால் மீளாது என்பதால், ஜன்னலுக்கு எதிரிலும் மழைச்சாரல் படும் சுவரிலும் மாட்டக் கூடாது.

டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் சட்டத்துக்குள் வைத்து அடைத்துவிட்டு, விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் சுவரிலிருந்து பெட்டியைப் பெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வைக்க நகல் போதும். மூலத்தை லேமினேட் செய்யாமல் பீரோவில் வையுங்கள். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைப்பதென்றால் கண்ணாடியின்மேல் வைக்கலாம், ஈரச் சந்தனம் உலோகத்தில் படாமல் இருக்கும்.