தாழம்பூ வேண்டுமென்றால் விதையை நம்பாதீர்கள்

தாழம்புதர் என்றாலே மணக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. அந்த வாசம் ஆண் செடியின் பூவில் மட்டும்தான். பெண் செடியில் வருவது அன்னாசி மாதிரி ஒரு காய்.

தாழம்பூவுக்கு இதழே கிடையாது. நாம் தலையில் வைக்கும் வெளிர்நிற மடல்கள், பூங்கதிரைப் போர்த்தி நிற்கும் உருமாறிய இலைகள். மடலை விலக்கினால் உள்ளே மகரந்தக் கேசரங்கள் நெருக்கியடித்து நிற்கும். தொட்டால் விரலெல்லாம் தூள். மணத்துக்கு முக்கியக் காரணம் ஃபீனைல் எத்தில் மெத்தில் ஈதர் என்ற வேதிப்பொருள். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இந்தப் பூவை வடித்துத்தான் அத்தர் எடுக்கிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

காய் பழுத்ததும் துண்டு துண்டாகக் கழன்று விழும். துண்டுகளில் நார் நிறைந்திருப்பதால் தண்ணீரில் மிதந்து போய், கரை ஒதுங்கிய இடத்தில் முளைக்கும். செடிக்கு இது நல்ல ஏற்பாடு, வளர்ப்பவருக்குத்தான் சிக்கல். விதை முளைக்க மாதக்கணக்காகும். முளைத்தது ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது.

சரி, மாமரம்போல ஒட்டுக் கட்டலாமா என்றால், அதுவும் நடக்காது. இரண்டு தண்டுகளை இணைத்து வளர்க்கும் கேம்பியம் என்ற திசு தாழையில் இல்லை. தென்னை, மூங்கில் எல்லாம் இதே கதைதான்.

ஆனால் தாழையிடம் வேறொரு வசதி இருக்கிறது. முதிர்ந்த கிளையின் அடிப்பகுதியைக் கவனியுங்கள்: முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். அவை விழுதின் முனைகள். நிலத்தை நோக்கி இறங்கி, இளகிய சேற்றிலும் மணலிலும் புதர் சாயாமல் தாங்குபவை இவைதான். அந்த முண்டுகளோடு கிளையை வெட்டினால் வேர் ஏற்கெனவே தயார். அதனால்தான் போத்து, அதாவது நடுவதற்காக வெட்டிய கிளை, இவ்வளவு சுலபமாகப் பிடிக்கிறது.

பூத்ததைக் கண்ணால் பார்த்த ஆண் செடியிலிருந்து, முழங்கையை விடச் சற்று நீளமான பக்கக்கிளையாக எடுங்கள். அடி இலைகளை உரித்துவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். வேர் ஓடும்வரை நீர் ஆவியாவது குறைய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் இது. வெட்டுவாயை இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, மழை தொடங்கும்போது முண்டுகள் மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். ஈரம் எப்போதும் வேண்டும். ஆனால் வெட்டுவாயில் தண்ணீர் தேங்கி நின்றால் அழுகிவிடும். வாய்க்கால் கரையின் சரிவு இதற்கு அருமையான இடம். உப்புக்காற்றும் மணலும் தாழைக்குப் பொருட்டல்ல.

நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். இலையின் இரு ஓரங்களிலும் நடுநரம்பின் அடியிலுமாக மூன்று வரிசை முள் இருக்கிறது, புதரும் நன்றாகப் பரவும். பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அப்புறம் உங்கள் ஊர் வாய்க்காலைத் தூர்வாரப் போகிறார்கள் என்று தெரிந்தால், இயந்திரம் வருவதற்கு முன்பே அங்குள்ள ஆண் புதரிலிருந்து நாலு போத்து எடுத்து வைத்துவிடுங்கள்.