ஆட்டோஇம்யூன்: தன்னெதிர்ப்பு நோய்

கோலாலம்பூரில் ஒரு சிறப்பு மருத்துவர் மலாயில் ‘ஆவ்தோஇமுன்’ என்றோ ஆங்கிலத்தில் ‘ஆட்டோஇம்யூன்’ என்றோ சொல்லும் சொல், செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள தமிழ் வீட்டை வந்தடைவதற்குள் பெரும்பாலும் ‘எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சாம்’ என்று மாறிவிடுகிறது. அப்படி நம்பும் குடும்பம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சூரணத்தையும் டானிக்கையும் தேடிப் போகிறது. இந்நோய்களில் எதிர்ப்பாற்றல் குறைவதில்லை. அது இலக்கு மாறி, காக்க வேண்டிய உடலின் திசுக்களையே தாக்குகிறது. மருத்துவர் அதை அடக்க மாத்திரை கொடுக்க, வீட்டார் அதைத் தூண்டப் பொடி கொடுக்கும் நிலை ஒரு சொல்லின் தவறான பெயர்ப்பிலிருந்து பிறக்கிறது என்பதால்தான் இச்சொல்லைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘ஆட்டோஸ்’ என்பது கிரேக்கத்தில் ‘தான்’ எனப் பொருள்படும். ‘இம்யூனிஸ்’ என்பது இலத்தீனில் வரியும் பொதுக்கடமையும் விலக்கப்பட்டவரைக் குறித்த சட்டச் சொல். சோழர் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்துக்கு வரும் ‘இறையிலி’ என்னும் சொல்லே இதற்கு மிக அணுக்கமான தமிழ். வரியிலிருந்து விலக்குப் பெற்றவரைக் குறித்த அச்சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி மருத்துவத்தில், நோயிலிருந்து விலக்குப் பெற்ற உடல்நிலையைக் குறிக்கலாயிற்று.

உடல் தன்னைத்தானே தாக்கக்கூடும் என்ற கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. செருமானிய அறிஞர் பால் எர்லிக் 1901ஆம் ஆண்டளவில், உடல் தனக்கெதிராக நஞ்சு உண்டாக்குவதை அஞ்சித் தவிர்க்கிறது என்றார். பலர் அதை, அப்படி நிகழவே முடியாது என்று எடுத்துக்கொண்டனர். 1904இல் வியன்னாவில் டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டதும் சொந்தச் சிவப்பணுக்களையே அழிக்கும், ‘ஆன்டிபாடி’ எனப்படும் எதிர்ப்பொருளைக் கண்டும், அதன் முழுப்பொருள் நெடுங்காலம் உணரப்படவில்லை. 1956இல் இலண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர் ஹாஷிமோட்டோ என்னும் தைராய்டு அழற்சி நோயுள்ளவர்களின் குருதியில் அவர்களுடைய தைராய்டுக்கே எதிரான எதிர்ப்பொருள்களைக் கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரோஸும் விட்டெப்ஸ்கியும் முயல்களில் அத்தகைய தாக்குதலை உண்டாக்கிக் காட்டினர். அதன்பின்தான் இக்கருத்து நிலைபெற்றது. தன் திசுவைத் தாக்காதபடி எதிர்ப்பணுக்களை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்கு 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழில் ‘தன்னுடல் தாக்குநோய்’ என்ற சொல் பரவலாக வழங்குகிறது. அது தவறில்லை, ஆயினும் எந்த நோய்தான் உடலைத் தாக்காது? தாக்குவது நம்முடைய காவலே என்ற உயிர்க்கருத்து அதில் வெளிப்படவில்லை. ‘தன்னெதிர்ப்பு நோய்’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் உறுதியான கருத்து. நோயை எதிர்ப்பது நோயெதிர்ப்பு. தன்னை எதிர்ப்பது தன்னெதிர்ப்பு. இரண்டும் ஒரே வகைத் தொகையாக அமைவதால், முதற்சொல்லை அறிந்தவர் இரண்டாவதைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்வார். முடக்குவாதம், பல உறுப்புகளைத் தாக்கும் லூப்பஸ், சொரியாசிஸ், வெண்படை, முதல்வகை நீரிழிவு எனப் பல நோய்கள் இக்குடையின் கீழ் வருகின்றன.

நோய் திடீரென உக்கிரமடைவதை மருத்துவர்கள் ‘ஃபிளேர்’ என்கின்றனர். இதை ‘நோய் முற்றிவிட்டது’ என்று சொல்வது நோயாளியை வீணாக அச்சுறுத்தும். ‘நோய் மூளல்’ எனலாம். தீயும் சினமும் மூள்வதைப் போல இதுவும் மூண்டு, பிறகு தணிகிறது. தணிந்த நிலை ‘தணிவு’. அது முழுக்குணம் ஆகாது. நீறுபூத்த நெருப்பு என்று நம்மவர் சொல்வது இந்நிலைக்கு அப்படியே பொருந்தும்.

வலி இல்லை என்று மாத்திரையை நிறுத்துவது மூளலுக்கு ஒரு பெருங்காரணம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மாத்திரையை உட்கொண்டு நலமாயிருந்த லூப்பஸ் நோயாளிகளிடம் அதை நிறுத்திப் பார்த்த கனடிய ஆய்வொன்றில், மூளும் வாய்ப்பு இரண்டரை மடங்கானது. அம்முடிவு 1991இல் வெளிவந்தது. ஸ்டீராய்டை நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். தொற்று, தூக்கக்குறைவு, மன உளைச்சல், புகைபிடித்தல் ஆகியனவும் நோயைத் தூண்டும்.

லூப்பஸ் உள்ளவருக்கு வெயில் தனிப் பகை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் இருக்கும் பினாங்கில் ஆண்டு முழுவதும் புறஊதாக் கதிர் கடுமையாகவே இருக்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்க விரும்புகிறவர் நடக்கலாம். ஆனால் விடியுமுன்போ பொழுது சாய்ந்த பின்னோ முழுக்கைச் சட்டையோடு நடக்கட்டும். பட்டினி விரதம் இருக்குமுன் மாத்திரை வேளைகளை மருத்துவரிடம் பேசி அமைத்துக்கொள்ளட்டும்.

மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பதிவற்ற ஜாமு என்னும் மலாய் மூலிகை மருந்துகளையும் பொடிகளையும் பற்றிக் கடுமையாகவே எச்சரிக்க வேண்டும். அவற்றுள் சிலவற்றில் டெக்சாமெத்தாசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டறிந்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோவதன் இரகசியம் அதுவே. ‘மால்’ என்று தொடங்கும் பதிவெண் இல்லாத எதையும் வாங்க வேண்டாம். எண் இருப்பினும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே உட்கொள்ள வேண்டும்.

மருந்துப் பையின் ஒட்டுச்சீட்டையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைப் பையில் மலாயில் ‘செமிங்கு செகாலி’, அதாவது வாரத்திற்கு ஒருமுறை என்று இருக்கும். நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நாள்தோறும் விழுங்கிப் பழகிய பாட்டி இதையும் நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிர் போகும் அபாயம் உண்டு. பையின் மேல் தடித்த பேனாவால் ‘செவ்வாய் மட்டும்’ என்பதைப் போலக் கிழமையைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். எதிர்ப்பை அடக்கும் மருந்து உட்கொள்பவருக்குக் காய்ச்சல் கண்டாலும், லூப்பஸ் உள்ளவருக்குச் சிறுநீர் நுரைத்துக் கால் வீங்கினாலும், அடுத்த முன்பதிவு நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.