கை பழகட்டும், அப்புறம் கால் ஓடட்டும்

உடற்பயிற்சி செய்தால் கைத்திறன் சீக்கிரம் படியும் என்று கேள்விப்பட்டு, 40 தண்டால் எடுத்த கையோடு கீபோர்டு முன்னால் வந்து உட்காருகிறார்கள். முன்கை நடுங்குகிறது, விரல் பக்கத்துக் கட்டையில் விழுகிறது. அந்தப் பிசகையே ஒரு மணி நேரம் பழகிவிட்டு, "எனக்குப் பலிக்கவில்லை" என்கிறார்கள். எப்படிப் பலிக்கும்? களைத்த தசையோடு பழகினால் மூளையில் பதிவதும் களைத்த அசைவுதான். பிசியோதெரபி அறையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: பலனை அன்றைக்கே தேடுவது. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட சோதனையில், இளம் வயதினர் 48 பேர் திரையில் நகரும் இலக்கைக் கையசைவால் பின்தொடரப் பழகினார்கள். சிலர் பழகுமுன் கடுமையாக சைக்கிள் மிதித்தார்கள், சிலர் பழகியபின்; மற்றவர்கள் ஓய்வெடுத்தார்கள். பழகும்போதும் வித்தியாசமில்லை, ஒரு மணி நேரம் கழித்தும் இல்லை. மறுநாள்தான் மிதித்தவர்கள் முந்தினார்கள். ஏழாம் நாளில், பழகியபின் மிதித்தவர்களே முன்னால் நின்றார்கள். இன்றைக்குக் கை சரளமாக ஓடுவது வேறு, கற்றது தங்குவது வேறு. உடற்பயிற்சி துணை செய்வது தங்குவதற்கு. ஆகவே மாலையில் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்காதீர்கள். மறுநாள், ஒத்திகை பார்க்காமல் செய்யும் முதல் மூன்று முயற்சிகளில் எத்தனை பிழை என்று எண்ணுங்கள்.

முறை எளிது. கைத்திறனை முதலில் பழகுங்கள். முடித்த 20 நிமிடத்துக்குள் சைக்கிளில் ஏறுங்கள். ஒரு மணி, இரண்டு மணி என்று தள்ளிப்போடப் போடப் பலன் தேயும். மெதுவாகத் தொடங்கி, 3 நிமிடம் முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மிதியுங்கள், 2 நிமிடம் தளர்த்துங்கள். இப்படி மூன்று சுற்று. மூச்சே வாங்காத உலாவல் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்குப் போதாது. அதற்குப் பின் சில மணி நேரம் அதே கைக்கு அதே சாயலில் இன்னொரு புதுத் திறனைப் புகுத்தாதீர்கள். முந்தையதை அது கலைத்துவிடும். இரவுத் தூக்கத்தையும் குறைக்காதீர்கள்.

பழகாமல் மிதித்தால் பதிய எதுவும் இல்லை, இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த வேகத்தை முயலவே வேண்டாம், தயவுசெய்து. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்தச் சுற்றை முடிக்க நினைக்காமல் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள்.